ஜிஃபோர்ட்ரான் மதிப்புரை: பைதானும் ஜூலியாவும் இருக்கையில் ஃபோர்ட்ரான் கம்பைலர் எதற்கு?

ஃபோர்ட்ரான் எண்கணக்குக்காகப் பிறந்த நிரல்மொழி; கம்பைலர் என்பது மூலநிரலைக் கணினியில் ஓடும் கோப்பாக மாற்றும் கருவி. ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு எழுதிய முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர் 1957-இல் வெளிவந்தது. அந்த மொழியின் இப்போதைய தரநிலை 2023-ஆம் ஆண்டுக்குரியது. நடுவில் 66, 77, 90, 95, 2003, 2008, 2018 என்று பல தலைமுறைகள். ஒரு வரிக்கு 72 பத்திக்குள் (எழுத்து இடங்களுக்குள்) அடைத்து எழுதிய பழைய சப்ரூட்டீனையும் (பெயர் சொல்லி அழைக்கும் துணைநிரல்), மாட்யூலும் (துணைநிரல்களைச் சேர்த்துவைக்கும் தொகுதி) வகுப்புகளும் கொண்ட புதிய நிரலையும் ஒரே கட்டளையில் கம்பைல் செய்து இணைத்துத் தருவது ஜிஃபோர்ட்ரான். இது குனு திட்டத்தின் கம்பைலர்களான ஜிசிசி தொகுப்பின் ஓர் அங்கம். 2005-இல் 4.0 பதிப்போடு வந்து, அதுவரை இருந்த பழைய கம்பைலரான ஜி77-இன் இடத்தைப் பிடித்தது. கட்டணம் கிடையாது.

வாங்கலாமா என்று கேட்பதற்குப் பதில் இங்கே நிறுவலாமா என்று கேட்க வேண்டும். பெரிய அரேக்களில் (ஒரே பெயரில் அடுக்கிய எண் தொகுதிகளில்) எண்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும் கணக்கு உங்களிடம் இருந்தால், அல்லது யாரோ எழுதிவைத்த பழைய ஃபோர்ட்ரான் நிரல் உங்கள் பொறுப்பில் இருந்தால், நிறுவுங்கள். முழுச் செயலியையும் இதிலேயே எழுதலாம் என்று நினைத்தால் வேண்டாம். ஃபோர்ட்ரான் இன்று பிழைத்திருப்பது கணக்கின் உள்மையத்தில்தான். அந்த இடத்தில் அதை அசைப்பது கடினம்.

நிறுவுவதில் சொல்ல அதிகமில்லை. உபுண்டு, டெபியனில் ஜிஃபோர்ட்ரான் என்ற பொதியைப் போட்டால் போதும். மேக்கில் ஆப்பிள் தரும் எக்ஸ்கோடில் ஃபோர்ட்ரான் கிடையாது. மேக்கில் மென்பொருள் நிறுவித் தரும் ஹோம்ப்ரூவின் ஜிசிசி பொதிக்குள் இது வருகிறது. விண்டோஸில் எம்சிஸ்2 என்ற கருவித்தொகுப்பு வழியாகப் போடுவது சிக்கல் குறைந்த வழி.

முதல் நாளே அமைக்க வேண்டியவை

ஜிஃபோர்ட்ரானின் பெரிய குறை அதன் இயல்புநிலை அமைப்புகள். எந்த விருப்பமும் (கட்டளையோடு சேர்க்கும் குறி) கொடுக்காமல் கம்பைல் செய்தால், அரேயின் எல்லையைத் தாண்டி எழுதினாலும் பெரும்பாலும் வாயே திறக்காது. ஓடும், தவறான விடை தரும், சில சமயம் சரியான விடையும் தரும். ஆகவே இரண்டு தொகுப்பு விருப்பங்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நிரல் வளரும் காலத்துக்கு, மற்றது ஓட்டும் காலத்துக்கு.

வளரும் காலத்துக்கு: ‘-ஜி’ (பிழைதேட உதவும் தகவல்), ‘-வால்’ (வழக்கமான எச்சரிக்கைகள்), ‘-எஃப்செக்=ஆல்’ (ஓடும்போது எல்லை முதலிய சோதனைகள்), ‘-எஃப்பேக்ட்ரேஸ்’ (நின்ற இடத்துக்கு வந்த வழி), இவற்றோடு மிதவைப்புள்ளிப் பிழைகளைப் பிடிக்கும் ‘-எஃப்எஃப்பிஇ-ட்ராப்’. கடைசியானதற்கு இன்வேலிட், ஜீரோ, ஓவர்ஃப்ளோ ஆகிய மூன்றையும் கொடுங்கள். ஆயிரமாவது சுற்றில் தோன்றும் ‘நான்’ (எண்ணே அல்லாதது என்று குறிக்கும்) மதிப்பு எந்த வரியில் பிறந்தது என்று அந்த வரியிலேயே நிரல் நின்று சொல்லும். இன்னொரு உபாயம், ‘-எஃப்இனிட்-ரியல்=எஸ்நான்’. மதிப்பு கொடுக்காமல் விட்ட ரியல் (தசம எண்) மாறிகளில் கம்பைலரே விஷ மதிப்பை நிரப்பிவிடும். அதைத் தொட்டதும் ட்ராப் பிடிக்கும். ஆனால் ஓடும்போது இடம் ஒதுக்கப்படும், அதாவது அலோகேட் செய்யும் அரேக்களையும் பாயிண்டர்களையும் இது தொடாது. எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று அங்கே ஏமாறக் கூடாது.

‘-வால்’ கொடுத்தாலும் இடைமுகம் (சப்ரூட்டீன் எத்தனை, எந்த வகை உள்ளீடுகளைக் கேட்கிறது என்ற விவரம்) தெரியாத அழைப்புகளைப் பற்றிய எச்சரிக்கை வராது. ‘-டபிள்யூஇம்ப்ளிசிட்-இன்டர்ஃபேஸ்’ தனியே வேண்டும். தளர்ந்த பழைய வழக்கப்படி தனித்தனிக் கோப்புகளில் சப்ரூட்டீன்களைப் போட்டு அழைத்தால், நான்கு ஆர்கியூமென்ட் (அழைக்கும்போது கொடுக்கும் மாறி) கேட்கும் சப்ரூட்டீனுக்கு மூன்று கொடுத்தாலும் இணைந்துவிடும். சப்ரூட்டீன்களை மாட்யூலுக்குள் வைத்தால் இந்த வகைப் பிழையே பிறக்காது. ஃபோர்ட்ரான் 77-இலிருந்து ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஓட்டும் காலத்துக்கு: நிரலை வேகப்படுத்தும் உகப்பாக்க நிலைகளான ‘-ஓ2’ அல்லது ‘-ஓ3’, தேவைப்பட்டால் இந்தக் கணினியின் செயலிக்கே பொருத்தும் ‘-மார்ச்=நேட்டிவ்’. ஜிசிசி 12-இலிருந்து ‘-ஓ2’ நிலையிலேயே வெக்டார் ஆக்கம் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது) ஓரளவு நடக்கிறது. ‘-ஓ3’ இன்னும் தாராளமாகச் செய்யும். ‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுத்து உருவாக்கிய நிரலை வேறொரு பழைய கணினிக்குக் கொண்டுபோனால், தெரியாத கட்டளை என்று சொல்லி முதல் நொடியிலேயே சாகலாம். ‘-ஓஃபாஸ்ட்’ வேண்டவே வேண்டாம். அது கொண்டுவரும் ஃபாஸ்ட்-மேத், ‘நான்’ என்ற மதிப்பே நிரலில் வராது என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அக்கறையாக எழுதிவைத்த ‘நான்’ சோதனைகளைக் கம்பைலர் நீக்கிவிடலாம்.

வேகம் எங்கிருந்து வருகிறது

ஃபோர்ட்ரானின் வேகத்துக்கு மந்திரம் எதுவும் இல்லை, ஒரு விதி இருக்கிறது. ஒரு சப்ரூட்டீனுக்கு இரண்டு அரேக்கள் வந்து, அவற்றில் ஒன்றில் எழுதினால், அந்த இரண்டும் நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காது என்று மொழியே உறுதி கொடுக்கிறது. சி மொழியில் அதே உறுதியை ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று எழுதி நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ரஸ்டில் மாற்றத்தக்க மேற்கோள் ஒன்றுதான் இருக்கலாம் என்ற விதி இதே வேலையைச் செய்கிறது. இந்த உறுதி இருப்பதால் கம்பைலர் லூப்பின் நான்கு அல்லது எட்டு சுற்றுகளைச் சேர்த்து ஒரே கட்டளையாக ஓட்ட முடிகிறது.

விதியை மீறினால் என்ன ஆகும்? ஒரே அரேயை உள்ளீடாகவும் வெளியீடாகவும் இரண்டு இடத்தில் கொடுத்தால் உகப்பாக்கமே இல்லாத ‘-ஓ0’-வில் சரியாக ஓடுவது ‘-ஓ3’-யில் வேறு எண்ணைத் தரலாம். பலரும் கம்பைலரில் பிழை என்று முடிவு கட்டுவது இங்கேதான். பிழை அழைத்த வரியில் இருக்கும்.

அடுத்தது அரே கிடக்கும் வரிசை. ஃபோர்ட்ரானில் நெடுவரிசைதான் நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்கும்; முதல் குறியீட்டெண் உள் லூப்பில் ஓட வேண்டும். 10,000-க்கு 10,000 டபுள் (8 பைட் இரட்டைத் துல்லிய எண்) மேட்ரிக்ஸ் 80 கோடி பைட். அதை வரிசை வரிசையாக நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் 80,000 பைட் தாண்டிக் குதிக்கிறீர்கள். செயலி ஒரு முறை தன் வேக நினைவகத்துக்கு இழுக்கும் 64 பைட் துண்டான கேஷ் வரியில் எட்டு எண்கள் வந்து இறங்குகின்றன, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழை வீணாக்குகிறீர்கள். சியிலிருந்தும் பைதானின் எண்கணக்கு நூலகமான நம்பையிலிருந்தும் வருபவர்கள் லூப்பை அப்படியே பெயர்த்து எழுதி, ஃபோர்ட்ரான் மெதுவாக இருக்கிறதே என்று சொல்வதற்கு முதல் காரணம் இது. எளிய லூப்களில் ‘-ஓ3’ தானே திருப்பிப் போடும். ஆனால் உள்ளே ஒரு நிபந்தனையோ சப்ரூட்டீன் அழைப்போ இருந்தால் அதை எதிர்பார்க்காதீர்கள்.

மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு உள்ளமைந்த ‘மேட்மல்’ சிறிய அளவுகளுக்கு நன்றாகவே இருக்கிறது. பெரிய மேட்ரிக்ஸ்களுக்கு ஓப்பன்பிளாஸ் போன்ற பிளாஸ் (அடிப்படை மேட்ரிக்ஸ் கணக்கு) நூலகத்தோடு இணைத்து ‘-எஃப்எக்ஸ்டர்னல்-பிளாஸ்’ கொடுங்கள். நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. ‘மேட்மல்’ தானாகவே பிளாஸை அழைக்கும்.

மறைவாக வேகத்தைத் தின்பது தற்காலிக நகல். மேட்ரிக்ஸின் ஒரு வரிசையை மட்டும் வெட்டி, பழைய பாணியில் அளவு குறித்த ஆர்கியூமென்டுக்குக் கொடுத்தால், கம்பைலர் அதைத் தொடர்ச்சியான இடத்துக்கு நகலெடுத்து, அழைப்பு முடிந்ததும் திரும்ப எழுதும். லூப்புக்குள் இது லட்சம் முறை நடந்தால் கணக்கைவிட நகலுக்குத்தான் நேரம் போகும். ‘-டபிள்யூஅரே-டெம்பரரீஸ்’ கொடுத்தால் எந்தெந்த வரியில் நடக்கிறது என்று பட்டியல் வரும்.

புதிதாக வருபவர்கள் விழும் குழிகள்

சப்ரூட்டீனுக்குள் ஒரு மாறியை அறிவிக்கும் வரியிலேயே பூஜ்யம் என்று மதிப்பு கொடுப்பது சி பழக்கம். ஃபோர்ட்ரானில் அந்த மதிப்பு ஒரே ஒரு முறைதான் இடப்படும். மாறி அதன்பின் நிரந்தரமாக வாழும். இரண்டாம் அழைப்பில் பழைய கூட்டுத்தொகையிலிருந்து தொடரும். அறிவிப்பைத் தனியாகவும் மதிப்பிடுவதைத் தனியாகவும் எழுதுங்கள்.

0.1 என்று எழுதினால் அது ஒற்றைத் துல்லிய எண். அதை டபுள் மாறியில் போட்டால் 0.10000000149 என்று போய் உட்காரும். எண்ணின் பின்னால் வகைக்குறி சேர்க்க வேண்டும், அல்லது 0.1டி0 என்ற பழைய வடிவில் எழுத வேண்டும். இதைத் தவிர்க்க ‘-எஃப்டிஃபால்ட்-ரியல்-8’ கொடுக்கலாமே என்று தோன்றும். அது டபுளையும் 16 பைட்டுக்கு உயர்த்திவிடும். நிரல் திடீரென்று ஊர்ந்து செல்லும். கூடவே ‘-எஃப்டிஃபால்ட்-டபுள்-8’ கொடுத்தால்தான் டபுள் பழைய இடத்தில் நிற்கும்.

இயல்பான இன்டிஜர் (முழு எண்) 32 பிட். அதன் உச்சம் 2,147,483,647. 46,341 பக்கமுள்ள சதுர மேட்ரிக்ஸின் உறுப்புகளை எண்ணினாலே அதைத் தாண்டிவிடும். எல்லா இன்டிஜரையும் 8 பைட்டாக்கும் விருப்பம் இருக்கிறது. ஆனால் 32 பிட் இன்டிஜரை எதிர்பார்க்கும் லேபேக் என்ற நேரியல் இயற்கணித நூலகத்தோடு இணைத்தால் அளவுகளைத் தவறாகப் படித்து நிரல் விழும். தேவையான மாறிகளை மட்டும் 64 பிட்டாக அறிவிப்பதே நல்லது.

ஒரே நிரலைப் பல த்ரெட்களில் (இணையாக ஓடும் இழைகளில்) ஓட்டும் ஓப்பன்எம்பி சேர்த்தவுடன், நினைவக மீறலால் நிரல் விழும் செக்மென்டேஷன் பிழை வருவது இன்னொரு புகழ்பெற்ற புதிர். நிலையான அளவுள்ள பெரிய உள்ளூர் அரேக்களை ஜிஃபோர்ட்ரான் சாதாரணமாக நிலையான நினைவகத்தில் வைக்கும். ‘-எஃப்ஓப்பன்எம்பி’ கொடுத்ததும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நகல் வேண்டுமென்பதால் அவற்றை ஸ்டாக்குக்கு (அழைப்பின்போது மட்டும் பயன்படும் சிறிய நினைவகப் பகுதிக்கு) நகர்த்துகிறது. லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 மெகாபைட். 1,100-க்கு 1,100 டபுள் அரே ஒன்றே 96 லட்சம் பைட்டுக்கு மேல். முதன்மை த்ரெட்டுக்கு ‘யூலிமிட்’ கொண்டு ஸ்டாக்கைக் கூட்டலாம். மற்ற த்ரெட்களுக்கு ‘ஓஎம்பி_ஸ்டாக்சைஸ்’ என்ற சூழல் மாறி. இவை இரண்டும் ஒட்டுப்போடும் வேலை. அந்த அரேக்களை அலோகேட்டபிள் (ஓடும்போது இடம் ஒதுக்கப்படுபவை) ஆக்குவதே மருந்து.

பழைய நிரலை எழுப்புவது

ஜிஃபோர்ட்ரானின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. கணித எண்முறைகளில் பெரும்பகுதி ஃபோர்ட்ரானில் எழுதிச் சோதிக்கப்பட்டது. லேபேக்கின் மூல வடிவம் இன்றும் ஃபோர்ட்ரான்தான். புள்ளியியலுக்கான ஆர் மொழியை மூலநிரலிலிருந்து கட்டவே ஃபோர்ட்ரான் கம்பைலர் தேவை. வானிலையைக் கணிக்கும் டபிள்யூஆர்எஃப், பொருள்களின் மின்னணு அமைப்பைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெசோ என்று இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை எத்தனையோ.

பழைய கோப்பைக் கம்பைல் செய்ததும் வகை பொருந்தவில்லை என்ற பிழைகள் வரிசையாக வந்தால் பதறாதீர்கள். ஜிசிசி 10-க்கு முன்பு எச்சரிக்கையாக இருந்தது அதன்பின் பிழையாயிற்று. ‘-எஃப்அலோ-ஆர்கியூமென்ட்-மிஸ்மேட்ச்’ அல்லது ‘-எஸ்டிடி=லெகசி’ கொடுத்தால் மீண்டும் எச்சரிக்கையாகும். ஆனால் அந்தப் பட்டியலைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி பழைய நிரலர் வேண்டுமென்றே செய்த தந்திரம், மீதி உண்மையான பிழைகள்.

டாட் எஃப் என்று முடியும் கோப்பு, பத்திகளுக்குக் கட்டுப்பட்ட பழைய நிலைவடிவமாகப் படிக்கப்படும். 1 முதல் 5 வரையான பத்திகள் லேபிளுக்கு, 6 தொடர்ச்சிக் குறிக்கு, 7 முதல் 72 வரை நிரல். 72-ஆம் பத்திக்கு மேல் இருப்பது கணக்கிலேயே வராது. யாரோ ஒருவர் பின்னாளில் இரண்டு எழுத்து இடம்விட்டு அழகுபடுத்தியிருந்தால், வரியின் கடைசி மாறியின் பெயர் பாதியில் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயரும் செல்லுபடியாகும் புதிய மாறியாகிவிடும், ஏனென்றால் ஐ முதல் என் வரையான எழுத்தில் தொடங்கினால் இன்டிஜர், மற்றவை ரியல் என்ற பழைய விதி விழித்திருக்கிறது. விடை தவறும், பிழைச்செய்தி வராது. ‘-வால்’ இந்த வெட்டை எச்சரிக்கும். ஒவ்வொரு நிரல் பகுதியிலும் ‘இம்ப்ளிசிட் நன்’ சேர்த்தால் பிழையாகவே நிறுத்தும்.

பழைய நிரல்கள் இன்னொன்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை: உள்ளூர் மாறிகள் அழைப்புகளுக்கிடையே மதிப்பை மறக்காது, தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யம். தரநிலை இரண்டையும் உறுதி செய்யவில்லை. அன்றைய பல கணினிகள் அப்படி நடந்தன. ‘-எஃப்நோ-ஆட்டோமேடிக்’, ‘-எஃப்இனிட்-லோக்கல்-ஜீரோ’ இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். விடை மாறினால், மதிப்பிடாத மாறி எங்கோ ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துத் திருத்தி, இந்த விருப்பங்களை எடுத்துவிடுங்கள். ‘-எஃப்நோ-ஆட்டோமேடிக்’கை விட்டுவைத்து ஓப்பன்எம்பியும் சேர்த்தால் எல்லா த்ரெட்டும் ஒரே மாறியில் எழுதத் தொடங்கும்.

பழைய அச்சில் இருக்கும் விடையோடு கடைசி இலக்கங்கள் பொருந்தாமல் போகலாம். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்க்கும் எஃப்எம்ஏ வசதி புதிய செயலிகளில் இருக்கிறது; ‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுத்ததும் ஜிசிசி அதைப் பயன்படுத்தும். நடுவில் ஒரு முழுமையாக்கம் (இலக்கங்களைச் சுருக்கும் ரவுண்டிங்) குறைவதால் எண் சற்று நகரும். ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ கொடுத்து ஒப்பிடுங்கள். நகர்வு அப்போது மறைந்தால் காரணம் அதுதான். அப்படியும் மறையாமல், ஐந்தாம் ஆறாம் இலக்கத்திலேயே வேறுபாடு இருந்தால், கம்பைலரை விட்டுவிட்டு நிரலைப் பாருங்கள்.

பைனரி கோப்புகளிலும் கவனம் வேண்டும். வரிசைமுறை அன்ஃபார்மேட்டட் கோப்பில் (எண்களை உரையாக்காமல் அப்படியே எழுதியது) ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் 4 பைட் நீளக்குறி எழுதப்படும். பைதானில் நேரடியாகப் படித்தால் எண்கள் எல்லாம் இடம் பெயர்ந்து தெரியும். பைதானின் அறிவியல் நூலகமான சைபையின் ஃபோர்ட்ரான்ஃபைல் வகுப்பு இந்தக் குறிகளைத் தெரிந்து படிக்கும். புதிதாக எழுதுவதென்றால் ‘ஸ்ட்ரீம்’ அணுகுமுறையில் எழுதுங்கள், குறியே இருக்காது.

பைதானோடு குடித்தனம்

இன்று ஃபோர்ட்ரானுக்குப் பொருத்தமான வாழ்க்கை இதுதான்: கோப்பு படிப்பது, வரைபடம் போடுவது, அமைப்புகளைக் கையாள்வது பைதானிடம், பத்துப் பதினைந்து சப்ரூட்டீன்கள் ஃபோர்ட்ரானிடம். நம்பையோடு வரும் எஃப்2பை அந்தப் பாலத்தைக் கட்டித் தருகிறது. ஒரே கட்டளையில் ஃபோர்ட்ரான் கோப்பு பைதானில் இம்போர்ட் செய்யத்தக்க மாட்யூலாகிவிடும். பைதான் 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டும் கருவி நீக்கப்பட்டதால் இப்போது உள்ளே மெசான் என்ற கட்டும் கருவி வேலை செய்கிறது. மெசானும் அது பயன்படுத்தும் நிஞ்ஜாவும் நிறுவியிருக்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு முதல் தடங்கல் இது.

இரண்டாவது, அரே வரிசை. நம்பை இயல்பாக சி வரிசையில் அடுக்கும். அதை உள்ளீட்டு ஆர்கியூமென்டாகக் கொடுத்தால் எஃப்2பை சத்தமில்லாமல் நகலெடுக்கும். உள்ளீடு-வெளியீடு என்று குறித்த ஆர்கியூமென்டானால் நகலெடுக்காமல் பிழை தரும். அரேயை உருவாக்கும்போதே ஆர்டர் என்பதற்கு ‘எஃப்’ கொடுத்துவிட்டால் இரண்டும் தீரும். ஒவ்வோர் ஆர்கியூமென்டுக்கும் ‘இன்டென்ட்’ (உள்ளீடா வெளியீடா என்ற குறிப்பு) எழுதாமல் விடாதீர்கள். ‘அவுட்’ என்று குறித்தவை பைதானில் திரும்பும் மதிப்பாகவே வந்துவிடும், அழைப்பு அழகாகும்.

மூன்றாவது ஆபத்தானது. துல்லியத்தை டிபி என்ற பெயரில் வேறு மாட்யூலில் வரையறுத்து வைத்திருந்தால், எஃப்2பை சில சமயம் அதைப் புரிந்துகொள்ளாமல் 4 பைட் ஃப்ளோட் என்று எடுத்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கை வரி வரும். அதைத் தாண்டி ஓட்டினால் விடைகள் குப்பை. வகைப்பெயர்களைப் பொருத்திக் காட்டும் எஃப்2சிமேப் கோப்பை எழுதிவைக்க வேண்டும். பல மாறிகளைச் சேர்த்து நிரலரே வரையறுக்கும் டிரைவ்டு டைப்புகளை எஃப்2பை கையாளாது. அவை தேவைப்படும் இடத்தில் ஃபோர்ட்ரான் 2003 தந்த ‘பைண்ட்(சி)’ கொண்டு சி இடைமுகம் எழுதி, பைதானின் சிடைப்ஸ் வழியாக அழைப்பது உறுதியான வழி.

சி இடைமுகம் எழுதாமல் சியிலிருந்து நேரடியாக அழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எழுத்துச்சரம் ஒவ்வொன்றுக்கும் ஃபோர்ட்ரான் அதன் நீளத்தை மறைவான ஆர்கியூமென்டாகச் சேர்க்கிறது. லேபேக்கை சியிலிருந்து அழைத்த பல நிரல்கள் ஒற்றை எழுத்துதானே என்று அந்த நீளத்தைக் கொடுக்காமல் விட்டுவந்தன, பல ஆண்டுகள் ஓடவும் செய்தன. 2019-இல் ஜிஃபோர்ட்ரானின் உகப்பாக்கம் கூர்மையானபோது அவை ஸ்டாக்கைச் சிதைக்கத் தொடங்கின. ஆர் மொழி உட்படப் பலர் நிரலைத் திருத்த வேண்டிவந்தது.

எதில் தோற்கிறது

உரையைக் கையாள்வது, ஜேசான் படிப்பது, வலை, சாளர இடைமுகம் எதற்கும் ஃபோர்ட்ரான் உகந்ததல்ல. அகராதி போன்ற தரவமைப்பு மொழியில் இல்லை; சமூக முயற்சியான எஸ்டிடிலிப் நூலகத்தில் அதற்கு ஈடான ஹேஷ்மேப் இருக்கிறது. பிழை நேர்ந்ததும் தானாகவே அறிவிக்கும் எக்ஸெப்ஷன் கிடையாது, ஒவ்வொரு அழைப்பின் நிலை எண்ணையும் நீங்களே பார்க்க வேண்டும். ஒரே வரிசைப்படுத்தும் சப்ரூட்டீனை இன்டிஜருக்கும் ரியலுக்கும் பொதுவாக எழுத 2023 தரநிலையிலும் வழியில்லை. இந்த இடங்களில் ரஸ்டும் ஜூலியாவும் வெகுதூரம் முன்னால் இருக்கின்றன. புதிதாக, எந்தப் பழைய நிரலும் இல்லாமல், ஆய்வு நோக்கில் எழுதத் தொடங்குபவருக்கு ஜூலியாதான் பொருத்தம். அதிலும் அரே 1-இலிருந்து எண்ணப்படுகிறது, நெடுவரிசைதான் தொடர்ச்சி; ஃபோர்ட்ரான் லூப்பை அப்படியே பெயர்க்கலாம். பைதானில் நான்கைந்து லூப்கள் மட்டும் மெதுவாக இருந்தால் அவற்றை ஓட்டும்போதே கம்பைல் செய்யும் நம்பா நூலகம் போதும், தனிக் கம்பைலரே வேண்டாம். சைபையும் தன்னுள் இருந்த ஃபோர்ட்ரான் 77 பகுதிகளைச் சிறிது சிறிதாக வேறு மொழிகளுக்கு மாற்றி வருகிறது.

ஆனால் ஜூலியாவிலும் நம்பாவிலும் ஓட்டும்போதுதான் கம்பைல் நடக்கிறது. ஃபோர்ட்ரான் தரும் கோப்பு, பல கணினிகளில் ஒரே நிரலை இணைத்து ஓட்டும் எம்பிஐ கொண்டு ஆயிரம் கோர்களில் ஏவினாலும் அந்தக் காத்திருப்பு இல்லாமல் எழும். இருபது ஆண்டு கழித்து அதே மூலநிரல் கம்பைல் ஆகும் என்ற நம்பிக்கையை வேறு மொழிகள் இந்த அளவு சம்பாதிக்கவில்லை.

கட்டும் கருவியாக எஃப்பிஎம் (ஃபோர்ட்ரான் பொதி மேலாளர்) இப்போது நன்றாக இருக்கிறது. எந்த மாட்யூலை முதலில் கம்பைல் செய்வது என்பதைத் தானே கண்டுபிடிக்கும்; கையால் எழுதிய மேக் கோப்புகளில் அதிகம் உடைவது அந்த வரிசைதான். மாட்யூலின் விவரங்களைக் கம்பைலர் எழுதிவைக்கும் டாட் மாட் கோப்புகளை மட்டும் ஒரு கம்பைலரிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகாதீர்கள், வேலை செய்யாது. ஜிஃபோர்ட்ரானின் பதிப்பு மாறினாலும் சில சமயம் செல்லாது. நூலகம் கொடுப்பதென்றால் மூலநிரலையும் கொடுங்கள். நிரலை மட்டும் கொடுப்பதென்றால் ‘-ஸ்டாடிக்-லிப்ஜிஃபோர்ட்ரான்’ சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பெறுபவரின் கணினியில், நிரல் ஓடத் தேவையான லிப்ஜிஃபோர்ட்ரான் நூலகம் இல்லை என்று திறக்கும்போதே நிற்கும்.

கூடவே இரண்டாவது கம்பைலர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இன்டெலின் ஐஎஃப்எக்ஸும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இன்டெலின் பழைய கம்பைலரான ஐஃபோர்ட் 2025 தொகுப்போடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஜிபியு வேலைக்கு என்விடியாவின் என்விஃபோர்ட்ரான், சுற்றுகள் ஒன்றையொன்று சாராத ‘டூ கன்கரன்ட்’ லூப்பை அப்படியே ஜிபியுவில் ஓட்டுகிறது. எல்எல்விஎம் என்ற கட்டற்ற கம்பைலர் திட்டத்தின் ஃப்ளாங் 2025-இல் வந்த 20-ஆம் பதிப்பில்தான் அந்தப் பெயரை முழுதாக ஏற்றது, வேகமாக வளர்கிறது. ஜிஃபோர்ட்ரான் பேசாமல் ஏற்றுக்கொண்ட வரியை இவற்றில் ஒன்று பிழையென்று காட்டும். அளவுருக் கொண்ட டிரைவ்டு டைப்புகளில் ஜிஃபோர்ட்ரான், குறிப்பாகப் பழைய பதிப்புகள், தடுமாறுவதால், அங்கே பிழை உங்களுடையதா கம்பைலருடையதா என்று தெரிந்துகொள்ளவும் அந்த இரண்டாவது கம்பைலர் வேண்டும்.